நாலு டிவியும் நங்கூரம் போட்ட கப்பலும்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, முஸ்லிம் வீடுகளில் கல்யாணங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்த மாதம் அது. இடம், திருகோணமலை நகரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மாடி மண்டபம். அன்றைக்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் வீட்டுக்காரரும் கல்யாணம், கூட்டம், கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் டிவி, ஒலிபெருக்கி, கமெரா எல்லாம் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்போம். முஸ்லிம் கல்யாணம் என்றால் எங்களைத்தான் தேடி வருவார்கள். எங்கள் கெட்டித்தனத்துக்காக இல்லை, நான் பொம்பிளை என்பதற்காக. ஆண்கள் கீழ்த்தளத்தில் இருப்பார்கள், பெண்கள் மேல்மாடியில். நிக்காஹ் என்கிற கல்யாணச் சடங்கு கீழே நடக்கும், மேலே பெண்கள் அதை டிவியில் பார்ப்பார்கள். சோடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே ஒரு ஆம்பிளை போய் வயர் பூட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் கீழே அவர், மேலே நான்.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒன்றும் நடக்க முதலே நாலு விபரீதத்தை நினைத்துப் பதறத் தொடங்கிவிடுவேன். கரண்ட் போனால் என்ன செய்வது, டிவி யாருடைய தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது, இப்படியே ஓடும். "உம்மட வாயில நல்லதே வராதோ?" என்று வீட்டுக்காரர் ஏசுவார். ஆனால் அன்றைக்கு நடந்ததை நான்கூட நினைத்திருக்கவில்லை.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் வாப்பா, அவளுடைய தகப்பன், ஒரு சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை செய்பவர். மகளை நேரில் பார்த்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவருடைய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கல்யாணத்துக்கே நாள் பார்த்தார்கள். கப்பலும் சொன்னபடி வந்தது. ஆனால் உள்ளே கட்டுவதற்கு இடம் கிடைக்கவில்லை. வெளிக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுக் காத்து நின்றது. துறைமுகத்துக்குள் வந்து பத்திரங்கள் எல்லாம் பார்த்து முடியாமல் ஒருவரும் கரையில் கால் வைக்க ஏலாதாம். கல்யாணத்தன்று காலையில் வந்த செய்தி அதைவிட மோசம். இனிக் காத்திருக்கத் தேவையில்லை, வேறு துறைமுகத்துக்குப் போ என்று கப்பலுக்கு உத்தரவு வந்துவிட்டது. லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை நேரத்தோடு நங்கூரம் தூக்குவார்கள். அதற்குமேல் அவர் என்ஜின் அறைக்குள் இறங்கிவிட வேண்டும், அங்கே போன் எடுக்காது. சொந்த ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் திரும்பிப் போகப்போகிறார்.

அவர் தன் பொறுப்பைத் தமையனிடம் கொடுத்துவிட்டார். பெண்ணின் பெரியவாப்பா கைபிடித்துக் கொடுப்பார், கல்யாணம் நிற்காது. ஆனால் மகள் ஒரே பிடியாக நின்றாள். "வாப்பாட முகத்தக் கண்டாத்தான் நான் சம்மதம் சொல்லுவன்." அவ்வளவுதான், வேறு ஒரு கதையும் இல்லை.

இதற்கும் வழி இருந்தது. அவர் பத்திரமாக வைத்திருந்த உள்ளூர் சிம் கப்பலின் மேல்தளத்தில் நன்றாகச் சிக்னல் எடுத்தது. விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்து, டிவி ஒன்றும் பூட்ட முதல் மண்டபத்து வைஃபையில் சோதித்துப் பார்த்தபோது, கீழே வைத்த மடிக்கணினியில் அவருடைய முகம் பளிச்சென்று தெரிந்தது. நிக்காஹ் நடக்கும் இடத்தை ஒரு கமெரா பிடிக்கும், பக்கத்தில் மடிக்கணினியில் வாப்பா இருப்பார். இரண்டையும் ஒரே படமாக்கி மேலே அனுப்ப வேண்டியதுதான் எங்கள் வேலை.

அதற்குத்தான் புதுச் சாமான் ஒன்று வாங்கியிருந்தோம். படத்தையும் சத்தத்தையும் சாதாரண நெட்வேர்க் வயரில் தூரத்துக்குக் கொண்டுபோகும் பெட்டி. கீழே ஒன்று அனுப்பும், மேலே ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலும் ஒன்று வாங்கிக் கொடுக்கும். எத்தனை டிவிக்கும் போடலாம். முன்பெல்லாம் தடித்த வயர் ஒன்றை மாடிப்படி வழியே இழுத்து ஒரே ஒரு டிவியில் காட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய சங்கதி. மேலே மேடைக்கு எதிரில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருக்கும் பக்கம் ஒன்று, வாசலடியில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று என்று நாலு டிவி வைத்தோம்.

மண்டபத்து முகாமையாளர் முதலே கறாராகச் சொல்லிவிட்டார். "புதுசா பெயின்ட் அடிச்ச சுவர். ஆணி அடிக்கிற, டேப் ஒட்டுற வேலை ஒண்டும் வேண்டாம். சுவருக்குள்ள எங்கட வயர் ஓடியிருக்கு, அதைப் பாவியுங்கோ." எங்களுக்கும் வேலை மிச்சம். மேலே பெண்கள் பக்கத்து நடையில் ஒரு சிறு அலுமாரி இருந்தது. மண்டபத்தின் வயர்களெல்லாம் அதற்குள் வந்து, ஒரு பலகையில் வரிசையாக இருக்கும் வாய்களில் முடியும்; அங்கேயிருந்து குட்டி வயர்கள் போய் ஒரு சுவிட்சில் கூடிப் பிரியும். லைட் சுவிட்ச் இல்லை, நாலாபக்க வயர்களையும் சேர்த்துவிடும் சந்தி மாதிரியான பெட்டி. எந்த வாய் எங்கே போகிறது என்று எழுதி ஒட்ட ஒன்றும் அகப்படவில்லை. கைப்பையில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்தேன். கீழேயிருந்து படம் வரும் வாய்க்குப் பெரிய சிவப்புப் பொட்டு. மேடை டிவிக்கு ஒரு சின்னப் பொட்டு, அடுத்ததுக்கு இரண்டு, இப்படியே நாலுக்கும் ஒட்டினேன்.

எல்லாம் பூட்டிப் போட்டதும் நாலு டிவியிலும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. சற்று நேரத்தில் முகாமையாளர் படியடியில் நின்று, "ஒபிசில நெட் வேலை செய்யுதில்லை" என்று முணுமுணுத்தார். "அதுக்கு உங்கட கம்பனிக்காரனைக் கேளுங்கோ ஐயா, நாங்கள் என்ன செய்யிறது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நாலு டிவி வேலை செய்கிற தெம்பு.

வெயில் ஏற ஏற மேல்மாடி நிறைந்துவிட்டது. கந்தளாயில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டிவியில் நிக்காஹ் நடத்தும் மௌலவி வந்து அமர்வது தெரிந்தது, மாப்பிள்ளை தெரிந்தார். பக்கத்தில் வாப்பா வரவேண்டிய இடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

பெண்ணின் உம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "தங்கச்சி, அவர் எங்க? இன்னும் காணல்ல."

"வருவார் ராத்தா. கடல்தானே, சிக்னல் வந்து வந்து போகும்."

சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. கீழே வீட்டுக்காரர் மடிக்கணினியைத் தட்டுவதும், தன் போனில் முயல்வதும் டிவியின் ஓரத்தில் தெரிந்தது. அந்த மண்டபம் முழுக்கத் தடித்த கொங்கிறீட், உள்ளே போன் டேட்டா பேருக்குத்தான். எல்லாம் மண்டபத்து வைஃபையை நம்பித்தான். நான் அவருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் மனுசனுக்குப் போன் மணி எங்கே கேட்கப்போகிறது?

மேலே கதை பரவத் தொடங்கிவிட்டது. கப்பல் போய்விட்டதாம் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, கப்டன் போனைப் பறித்துவிட்டாராம் என்றாள் இன்னொருத்தி. மேடையில் மணப்பெண் தலை குனியவில்லை, அழவும் இல்லை. டிவியில் அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. அழுதிருந்தால்கூடப் பக்கத்தில் போய் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சம்மதம் கேட்பதற்காகப் பெரியவாப்பா சாட்சிகளோடு படியேறி வாசலடிக்கு வந்துவிட்டார். "லுஹர் நெருங்குது மகள். மௌலவி பாத்துட்டு இருக்கார்" என்றார். பெண் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அவர் சாட்சிகளோடு திரும்பிக் கீழே போய்விட்டார்.

அந்த நேரம் உம்மாவின் கையில் இருந்த போன் அடித்தது. சாதாரண அழைப்பு. அவர் யன்னலோரம் ஓடிப்போய் எடுத்தார். மறுபக்கம் காற்றுச் சத்தத்துக்குள் ஒரு ஆண் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "நான் மேல்தட்டுல வெயிலுக்க நிக்கிறன். இஞ்ச சிக்னல் நல்லாத்தான் இருக்கு. உங்கட பக்கம்தான் எடுக்குதில்ல. என்ன செய்றீங்க எல்லாரும்?" அதோடு அறுந்துவிட்டது.

எங்கட பக்கம்! அவ்வளவு நேரமும் கடலில் பழியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அடுத்து நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். கீழே யாரோ மௌலவிக்கு மின்விசிறி வைக்கப் போய், எங்கள் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டார்கள். நாலு டிவியும் இருண்டன. "அல்லாஹ்!" என்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தக் கணமே மாடியில் இருந்த அத்தனை கைப்பைகளுக்குள்ளும், மண்டபத்து வைஃபையைப் பிடித்திருந்த போன்கள் டிங், டிங், டிங் என்று அடித்தன. நின்றுபோயிருந்த செய்திகள் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தன. பிறகு பிளக்கைத் திரும்பப் போட்டார்கள். டிவிகள் வந்தன, போன்கள் அடங்கின.

ஒபிசில் நெட் இல்லை என்று முகாமையாளர் காலையில் முணுமுணுத்தது அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது.

விசயம் இதுதான். எங்கள் பெட்டி இன்ன டிவிக்கு என்று பார்த்து அனுப்புவதில்லை. சுவிட்சில் திறந்திருக்கும் வாசல் எல்லாவற்றுக்குள்ளும் படத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கென்று தனிச் சுவிட்ச் வைத்தால் ஒரு கரைச்சலும் இல்லை. நாங்கள் பூட்டியதோ மண்டபத்து வைஃபையும் ஓடும் அதே சுவிட்சில். தேர் வருகிற வீதியில் சைக்கிள் போகுமா? எங்கள் நாலு டிவியும் வீதியை நிறைத்துக்கொண்டு வர, கடலில் நின்ற அந்த மனிதர் பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குள் முடங்கிப்போய் நின்றார். அவரைக் காட்டத்தான் வந்தோம், அவரை மறித்துக்கொண்டு நின்றதும் நாங்களேதான்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசம் ஒரு நிமிடம்கூட இல்லை. இப்போது என்ன செய்வது? வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. அவர் மேலே வர ஏலாது, நான் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் இறங்கிப்போய்க் கத்தவும் ஏலாது. அலுமாரி இருப்பது என் பக்கத்தில். வயரைக் கழற்றினால் நாலு டிவியும் செத்துவிடும். என் கணிப்புப் பிழைத்தால் வாப்பாவும் இல்லை, நிக்காஹும் தெரியாது, இத்தனை பெண்களும் என்னை உயிரோடு விடமாட்டார்கள். என்ட பிள்ளையாரே, நான் ஏன் இந்த வேலைக்கு வந்தனான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பிறகு மேடையைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இன்னும் அந்தக் கறுப்புக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

உம்மாவிடம் போனேன். "ராத்தா, பிழை கடலில இல்லை. எங்கட டிவிகள்தான் அவரை மறிக்குது. எல்லாத்தையும் நிப்பாட்டப் போறன். ஒரு டிவி மட்டும்தான் பிறகு வரும், அதுவும் வருமெண்டு நம்புறன். உங்களுக்குச் சம்மதமோ?"

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "செய் தங்கச்சி. டிவி என்னத்துக்கு, மனிசன் வந்தாக் காணும்."

அலுமாரியைத் திறந்தேன். வயரின் கொளுக்கி விடுபட மாட்டேன் என்றது. பெரிய சிவப்புப் பொட்டில் இருந்து சுவிட்சுக்குப் போன வயரை இழுத்தேன். உள்ளே மண்டபத்தில் மறுபடியும் கூச்சல். போன்கள் மறுபடி அடிக்கத் தொடங்கின. சுவிட்சில் இருந்து கழற்றிய அந்த வயரின் நுனியை, சின்னப் பொட்டு ஒன்று இருந்த வாயில், அங்கே இருந்த வயரைப் பிடுங்கிவிட்டு, கொண்டுபோய்ச் செருகினேன். கீழேயிருந்து வரும் படம் இனி எந்தச் சந்திக்கும் போகாமல் நேரே மேடை டிவிக்குப் போக வேண்டும். போகுமா? அந்தப் பெட்டியை அப்படிப் பூட்டி நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

உள்ளே ஓடினேன். மேடை டிவி இருட்டாகவே இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கட பக்கம் ஒண்டும் தெரியுதில்லையே புள்ள, நாங்க கந்தளாயில இருந்து சும்மாவா வந்த?" பெண்ணின் உம்மாதான் முந்திக்கொண்டார். "எல்லாரும் இஞ்ச வாங்க. ஒரு டிவிதானாம். நிலத்துல இருந்தாப் போச்சு."

பட்டுச் சேலைகள் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு கதிரைகள் உராயும் சத்தம். இரு வீட்டுப் பெண்களும் கம்பளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மணப்பெண் மேடையை விட்டு இறங்கி வந்து முன்வரிசையில் தரையில் அமர்ந்தாள். யாரும் தடுக்கவில்லை.

டிவி ஒருமுறை மினுங்கியது, அணைந்தது. பிறகு படம் வந்தது. ஒரு பாதியில் மௌலவி. மறுபாதியில் செம்மஞ்சள் வேலைச்சட்டையோடு, தலையில் வெள்ளைத் தொப்பியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாப்பா!

"வாப்பா" என்று அவள் சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அவர் கீழே எல்லோருக்கும் சலாம் சொன்னார். பிறகு கேட்டார், "மகளுக்கு நான் தெரியுறனா?"

"தெரியுது, தெரியுது" என்று எல்லாப் பெண்களும் டிவியைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றார். "மேல சொல்லுங்களன், மகளுக்கு என்னத் தெரியுதா?"

எனக்குச் சுரீரென்றது. எங்கள் பெட்டி கீழேயிருந்து மேலே மட்டும்தான் கொண்டுவரும். மேலேயிருந்து ஒரு சொல்லும் கீழே போகாது. மகள் வாப்பாவைப் பார்க்கிறாள் என்பது வாப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. இத்தனை வயர் ஓட்டிய நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

மாப்பிள்ளையின் உம்மா எழுந்தார். சற்று முன் என்னோடு கோபித்த அதே மனுசிதான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வாசலுக்குப் போய் நின்றார். "வாங்கடி எல்லாரும்" என்றார். ஆண்கள் பக்கம் குரல் கேட்கக்கூடாது என்று வந்து இறங்கியதிலிருந்து பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்தவரும் அவர்தான். பெண்கள் அவருக்குப் பின்னால் திரண்டார்கள். படிக்கட்டுக்குள் வாயை வைத்து ஒரே குரலில் கத்தினார்கள்.

"தெரியுது!"

கீழே ஆண்கள் திடுக்கிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் படம் ஒரு கணம் பிந்தித்தான் வரும். அதனால் நாங்கள் கத்தி முடிந்த பிறகு, மௌலவியின் மைக் பிடித்த எங்கள் சத்தமே டிவிக்குள் இருந்து திரும்பி வந்தது. "தெரியுது!" அதைக் கேட்டு அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாடியில் எல்லாரும் ஒன்றாய்ச் சிரித்தோம், நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு அவர் போனைத் திருப்பினார். கப்பலின் இரும்புக் கம்பி, அதற்கப்பால் நீலக்கடல், அதற்கும் அப்பால் வெள்ளைக் கோடு மாதிரிக் கரை. "அந்தா தெரியுறது நம்மட ஊர்தான் மகள். நீ அதுக்குள்ளதான் இருக்கா. நானும் உன்னப் பாத்துட்டுத்தான் நிக்கிறன்."

மகள் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் கடல் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதுதானா என்று யாருக்கும் தெரியாது. அவள் அதற்குச் சலாம் சொன்னாள். பிறகு, சாட்சிகளோடு மறுபடி படியேறி வந்த பெரியவாப்பாவிடம் "ஓம்" என்றாள்.

மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வதாகக் கபூல் சொன்னது முதலில் படிக்கட்டு வழியாகக் கேட்டது, பிறகு டிவியிலும் கேட்டது. "ரெண்டு தரம் சொல்லிட்டார், இனி மாற ஏலாது" என்று யாரோ பகிடி விட்டார்கள். வாப்பா கையேந்தித் துஆச் செய்துகொண்டிருக்கும்போதே பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். கப்பலில் அவரை யாரோ கூப்பிட்டார்கள். முகம் மறைந்தது. பந்தி போடும் நேரம் நான் யன்னலோரம் போய்ப் பார்த்தேன், அந்தப் புள்ளி சின்னதாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரிடம் விசயத்தைச் சொன்னதும் அவர் அனுப்பும் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீர் பதறாமல் இருந்திருந்தா நான் இன்னும் கடலைத்தான் ஏசிக்கொண்டிருந்திருப்பன்" என்றார். எனக்கு அவர் தந்த பாராட்டு அது ஒன்றுதான்.

இப்போது எங்களுக்கென்று தனிச் சுவிட்ச் வைத்திருக்கிறோம். அந்த மண்டபத்து அலுமாரிக்குள் என் பொட்டுகள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கின்றன, முகாமையாளர் எடுக்க விடவில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் டிவியில் படம் வந்துவிட்டது என்றவுடன் நான் வேலை முடிந்தது என்று நினைப்பதில்லை. எங்கேயோ ஒருவர் ‘என்னைத் தெரியுதா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்பார், அவருக்குத் ‘தெரியுது’ என்று போய்ச் சேர ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் மாடிப்படியைத்தான் பார்க்கிறேன்.